மைனஸ் முப்பது

முதல் தடவை கந்தப்பளையில்,
உரக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தபோது.
ஏழாயிரத்து நானூற்றி என்றவள்
ஐம்பதை எழுதவில்லை.
நெஞ்சுக்குள் யாரோ ஓடினார்கள்,
சாமான் ஏற்றாத வீட்டில் பிள்ளைகள் ஓடுவதுபோல.
பதினொரு நிமிஷம்.
பிறகு சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது.

ஒன்பது வருஷம் அதற்குப் பெயர் பயம்.
தோட்டத்து டிஸ்பென்சரியில் பயம்.
நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருமுன்
அது ஒளிந்துகொள்ளும்;
ஈசிஜி தாளில் நல்ல பிள்ளையாய் ஒரு கோடு.
அங்கேயும் பயம்.
"கல்யாணம் முடிச்சா சரியாப் போயிரும்" என்றார் மருந்து கலக்குபவர்.
முடித்தேன்.
இரண்டு பேருக்குப் பயம்.

ஒரு ராத்திரி முதலாளியின் வேன் வேகமாகப் போனதால்
தாளில் பிடிபட்டது: இருநூற்றுப் பதினாறு.

கண்டியில் வைத்தியர்
தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தார்.
மேலறையிலிருந்து கீழறைக்கு ஒரே ரோட்டுத்தான் இருக்க வேணும்.
உங்களுக்குப் பிறவியிலேயே இன்னொன்று.
சிரித்துவிட்டேன்.
குறுக்கு, சேர்.
எங்கள் மலையெல்லாம் அதுதான்.
ரோட்டால் இறங்கியது
குறுக்கால் ஏறி வந்து
மறுபடி ரோட்டால் இறங்கி, மறுபடி ஏறி.
யாரும் வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

பெயர் பதியப் பதினான்கு மாதம்.
பெயர் இருதயமேரி.
சிங்களக் கிளார்க்குக்கு அது வெறும் பெயர்.
விலாசத்தில் தெரு எது என்று கேட்டார்.
தெரு இல்லை. பதினோராம் லயன், மேல் டிவிஷன்.
அவர் அந்தக் கட்டத்தில் கோடு கிழித்தார்.

பஸ்னா மட்டும் பெயரைப் படித்துச் சிரித்தாள்,
அக்குறணைக்காரி, கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவள்.
தொடை வழியாகக் கம்பி ஏறியது.
முந்தி ஈயச் சட்டை மாட்டிக்கொண்டு
மணிக்கணக்காய் எக்ஸ்ரேயில் தேடுவாங்களாம்.
இப்போது கம்பி தொட்ட இடமெல்லாம் திரையில் ஒரு புள்ளி,
புள்ளி கூடக் கூட ஓர் அறை, ஊதா, பச்சை,
ஒரு மூலையில் மட்டும் சிவப்பு.
மில்லிமீற்றர் மில்லிமீற்றராய்
என் இதயத்துக்கு விலாசம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
எனக்கு அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது.

சிவப்பு இருந்தது பெரிய ரோட்டை ஒட்டி.
சூடு வைத்துத் தவறினால் ரோடும் போகும்,
காறையெலும்புக்குக் கீழே ஆயுசுக்கும் பற்றரி.
அதனால் குளிர்.
முதலில் மைனஸ் முப்பது, கேட்டுப் பார்க்க மட்டும்.
பிழையென்றால் உருகவிடலாம்.

குளிர் சுடும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஜனவரியில் உறைபனி விழுந்தால்
விடியும்வரை கொழுந்து பச்சையாகத்தான் நிற்கும்.
வெயில் ஏறிய பிறகு பார்க்க வேணும்,
தீ வைத்த மலை மாதிரி.
ஆனால் எங்கள் பனி யாரையும் கேட்டதில்லை.

கம்பி சுவரில் ஒட்டிக்கொண்டது,
ஐஸ்பெட்டியில் ஈரக் கை ஒட்டுமே, அப்படி.
பஸ்னா எண்களை வாசித்தாள். மைனஸ் இருபத்தெட்டு. முப்பது.
"நவத்தன்ன!" என்றார் வைத்தியர்.
தயங்கியது குறுக்கு இல்லை,
ரோடு.

உருகட்டும் என்று காத்திருந்தார்கள்.
அந்த நேரத்தை எந்தப் பில்லில் எழுதுவது?
யாரும் பேசவில்லை. மெஷின் ஒரு சத்தம் போட்டது,
இன்னொரு சத்தம்.
"வந்துட்டு" என்றாள் பஸ்னா.

நாலு மில்லிமீற்றர் தள்ளி, மறுபடி கேட்டார்கள்.
ரோடு அசையவில்லை. குறுக்கு மூடியது.
பிறகுதான் மைனஸ் எண்பது. நாலு நிமிஷம்.
அப்புறம் மருந்து ஏற்றி ஓடு ஓடு என்று
அதைத் தூண்டிப் பார்த்தார்கள்.
ஓடவில்லை.
அழுதேன். தொடையை அசைக்கக் கூடாதென்று
கழுத்துக்கு மேல் மட்டும்.

இந்த ஜனவரியும் பனி. உருளைக்கிழங்குக் கொடி கருகி,
கடையில் வரிசை வாசல்வரை.
ஏழாயிரத்து நானூற்றி என்று சொல்லி
நான் இன்னும் ஒரு மூச்சு நிற்கிறேன்,
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.
"அம்பதா, அக்கா?" என்கிறார்
முன்னால் நிற்பவர்.